டம்மி பிளக் கசிவா, பிளாக் வெடிப்பா? பழைய 207 பிக்கப்

கடலூர் முதுநகர் · ஜூன் 8

டாடா 207 பிக்கப், 2004 மாடல். துறைமுகத்துலேர்ந்து மீன் லோடு. பத்து நாளா தினம் அரை லிட்டர் தண்ணி குறையுது. செல்ஃப் மோட்டார் மேல துருக்கலர்ல ஈரம் இருக்கு. டிப் ஸ்டிக்ல ஆயில் சுத்தம், சைலன்சர்ல வெள்ளைப் புகை இல்ல. பட்டறையில "பிளாக் வெடிச்சிடுச்சு, இன்ஜின் இறக்கணும்"னு சொல்றாங்க. வீடியோவுல ஃப்ரீஸ் பிளக்னு ஒண்ணு காட்டுறாங்க. அது பனி ஊருக்குத்தானே அண்ணே? நம்ம வண்டியில அது இருக்குமா?

வில்லியனூர் · ஜூன் 8, இரவு

இருக்கும் தம்பி. பட்டறையில் டம்மி, வாட்டர் டம்மி என்பாங்க. ஸ்பேர் கடையில் கோர் பிளக் என்று கேட்டால் எடுத்துத் தருவாங்க. பழைய மெக்கானிக் வாயில் வெல்ச் பிளக். எல்லாம் ஒன்றுதான்.

அது பனிக்காக வைத்ததே இல்லை. பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலை, வார்க்கும்போது தண்ணீர் ஓடும் வழிக்காக உள்ளே மணல் கரு வைப்பாங்க. கருவைத் தாங்கவும், வார்ப்பு ஆறிய பிறகு மணலைத் தட்டி வெளியே எடுக்கவும் பக்கவாட்டில் வட்டத் துளைகள் வேண்டும். கடைசியில் அந்தத் துளைகளை ஒரு தகரக் கிண்ணத்தால் அடைச்சிடறாங்க. குளிர்நாட்டில் உள்ளே தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். சில நேரம் கிண்ணம் பிதுங்கி வந்து பிளாக் தப்பிக்கும், அதனால் ஃப்ரீஸ் பிளக் என்ற பெயர். கிண்ணம் அசையாமல் பிளாக்கே வெடிப்பதும் நடக்கும். கடலூருக்கு உறைபனி வரப்போவதில்லை. நமக்கு எதிரி உப்புத்தண்ணி.

இன்ஜின் இறக்க ஒத்துக்காதீங்க. முதலில் எங்கே கசியுதுன்னு கண்ணால் பார்க்கணும்.

வில்லியனூர் · ஜூன் 9

கசிவு தேடும் முறை. வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீங்க. பிளாக்கின் பக்கத்தை டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, எலும்பு மாதிரி காயவிடுங்க. மூடி இருக்கும் இடத்தில் கை பம்ப் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சடித்திருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்க. 0.9 என்று இருந்தால் 0.9 பார். அதுக்கு மேல் ஏற்றினால் நல்லா இருக்கிற பழைய ஹோஸும் வாயைத் திறக்கும். பதினைந்து நிமிஷம் முள் அசையாமல் நிற்கணும். இறங்கினால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கிட்டுத் தேடுங்க.

தண்ணி எப்பவும் கீழே ஓடும், பின்னால் காற்று தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடம் கசியும் இடமில்லை. ஈரத்திலிருந்து மேல்நோக்கிப் போங்க. வாட்டர் பாடியின் (தண்ணீர் பம்ப்) அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே சொட்டினால் பம்ப் சீல் போயிருக்கு, டம்மிக்குச் சம்பந்தமில்லை. பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கட் ஓரம் ஈரமாக இருந்தால் அது வேறு வேலை. பிளாக்கில் வட்டமான ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் அரிசி மாவு காய்ந்த மாதிரி வெள்ளையோ செம்மண் நிறத்திலோ படிவு இருந்தால் அதுதான் டம்மி.

மழுங்கின ஸ்குரூ டிரைவர் முனையால் பிளக்கின் நடுவில் அழுத்திப் பாருங்க. நல்ல பிளக் கல் மாதிரி நிற்கும். போன பிளக்கில் முனை பொத்தென்று உள்ளே இறங்கும், தண்ணி பீய்ச்சும். அதனால் டெஸ்டரில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, கீழே பேசின் வைத்த பிறகு இதைச் செய்யுங்க.

பண்ருட்டி · ஜூன் 9

ரேடியேட்டர்ல ஒரு கை மஞ்சத்தூள் போடுங்க. நின்னுடும். இல்லன்னா எம்-சீல் வெச்சு அப்பிடுங்க.

வில்லியனூர் · ஜூன் 9, இரவு

மஞ்சள் தூள் ஊசிமுனை ஓட்டையை அடைக்கும், மறுக்கல. நடுரோட்டில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது போதும். பிறகு அந்தத் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் பிளாக்கின் அடியிலும் சேறாகப் படிந்துவிடும். போட்டிருந்தால் சீக்கிரம் கழுவி எடுங்க. எம்-சீலை வெளியிலிருந்து துருவின் மேல் ஒட்டுறோம், அழுத்தம் உள்ளிருந்து தள்ளுது. துருச்செதிலோடு சேர்ந்தே பெயர்ந்து வரும்.

ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிளக்கை ஆர்க் வெல்டிங் வைத்து அடைக்க விடாதீங்க. வார்ப்பிரும்பு ஓரிடத்தில் மட்டும் சூடேறி ஆறினால் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விடும். அப்போதுதான் பட்டறைக்காரர் சொன்ன "பிளாக் வெடிச்சிடுச்சு" நிஜமாகும்.

கடலூர் முதுநகர் · ஜூன் 11

அண்ணே, நடு பிளக். நீங்க சொன்ன மாதிரியே ஸ்குரூ டிரைவர் உள்ள போயிடுச்சு. வெளியில பெயின்ட் அப்படியே இருந்துச்சு! பிளாக்ல வெடிப்பு எதுவும் தெரியல. எப்படிக் கழட்டுறது?

வில்லியனூர் · ஜூன் 11

பிளக் எப்பவும் உள்ளிருந்துதான் அரிக்கும். அதனால் வெளிப் பெயின்ட்டை நம்ப முடியாது. ஒன்று போனால் மற்றதும் அதே வயசு, அதே தண்ணியில் ஊறியது. கைக்கு எட்டுகிற அத்தனையையும் மாற்றுங்க.

முதல் வேலை பேட்டரி நெகட்டிவ் கழற்றுவது. செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடிமனான வயரில் சாவி போடாமலே கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க. ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து வடியுங்க. அது மட்டும் போதாது. பிளாக்கிலேயே ஒரு வடிகால் போல்ட் இருக்கும், அதையும் திறக்கணும். திறந்தும் தண்ணி வரலைன்னா பிளாக் காலி என்று நினைச்சிடாதீங்க, சேறு அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குத்துங்க, கொட்டும். பிறகு செல்ஃப் மோட்டார், தேவைப்பட்டால் மேனிஃபோல்ட், அந்தப் பக்கத்து மவுண்டிங்.

கழற்றும் விதம்: மழுங்கின பஞ்ச்சை பிளக் கிண்ணத்தின் அடி ஓரத்தில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டுங்க. கீழ் ஓரம் உள்ளே போகும், மேல் ஓரம் வெளியே திரும்பும். பிளக் பக்கவாட்டில் நின்றதும் வைஸ் கிரிப்பால் பிடித்து, துளையின் ஓரத்தில் மரத்துண்டு வைத்து நெம்பி எடுங்க. இரண்டு கண்டிஷன். பிளக் முழுசாக உள்ளே விழக்கூடாது. பஞ்ச் ஆழமாகப் போகக்கூடாது, ஏன்னா கொஞ்சம் உள்ளேயே சிலிண்டர் சுவர் நிற்குது. பலமாக ஓர் அடி விழுந்தால் முப்பது ரூபாய் சாமானுக்காக பிளாக் போயிடும்.

மரப்பாலம் லேத் · ஜூன் 12

மேலே சொன்னது நல்ல பிளக்குக்குச் சரி. ஸ்குரூ டிரைவர் இறங்குற அளவுக்குத் துருத்த பிளக் திரும்பாது. பஞ்ச் தகரத்தைக் கிழிச்சு உள்ள போகும், விளிம்பு மட்டும் மோதிரம் மாதிரி துளையில ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு மெல்லிய உளியை விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல வெச்சு, விளிம்பை ஓர் இடத்துல மட்டும் உள்பக்கமா மடக்கணும். பிடி விட்டதும் மோதிரம் கையோட வரும். உளி முனை பிளாக்கைச் சுரண்டாம பார்த்துக்கணும்.

வில்லியனூர் · ஜூன் 12

லேத் அண்ணன் சொல்றதுதான் சரி. நான் நேற்று எழுதியதை உங்க நடு பிளக்குக்கு எடுத்துக்காதீங்க, மற்றவைக்கு மட்டும் எடுத்துக்குங்க. நடு பிளக்குக்கு அவர் முறை.

தவறி உள்ளே விழுந்துவிட்டால், இரும்பு பிளக் காந்தத்தில் ஒட்டும், வளைத்த கம்பியோடு சேர்த்து மீன் பிடிக்கிற மாதிரி பிடிச்சிடலாம். பித்தளை காந்தத்துக்கு வராது. "கிடந்துட்டுப் போகட்டும்" என்று சிலர் மேலே புதுசை அடிச்சிடுவாங்க. வேண்டாம். தண்ணி ஓட்டத்தைத் தடுத்தால் அந்த இடத்தில் சிலிண்டர் தனியாகச் சூடேறும்.

வில்லியனூர் · ஜூன் 12, இரவு

துளை திறந்தவுடனே புதுசை அடிக்க ஓடாதீங்க. உள்ளே பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. டார்ச் அடித்தால் காபித்தூள் டிகாஷனில் ஊறின மாதிரி ஒரு சேறு தெரியும். பிளாக்கின் அடியில், கடைசி சிலிண்டர் பக்கம்தான் அதிகம் தேங்கியிருக்கும். அது துருவும் சுண்ணாம்பும். அங்கே தண்ணி போகாது, இரும்பு மட்டும் சூடேறும். பழைய கிளட்ச் கேபிள் நுனியைப் பிரித்து விட்டுக் கிளறுங்க, தோட்டத்து ஹோஸை ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றி வைத்துக் கழுவுங்க. வெளியே வரும் தண்ணி தெளியும்வரை விடக்கூடாது. இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், மொத்த வேலையில் வண்டிக்கு அதிகம் உதவுவது இந்த ஒரு மணி நேரம்தான்.

பிறகு துளை. 120 நம்பர் எமரியால் சுற்றுவாக்கில் தேயுங்க, முடிவில் 180. உள்ளிருந்து வெளியே குறுக்காகத் தேய்க்காதீங்க, அந்தக் கீறல் வழியே தண்ணி நடந்து வரும். விரல் நகத்தை வைத்துச் சுற்றிப் பாருங்க. சுற்றுவாக்கில் சின்னப் பள்ளம் இருந்தால் பரவாயில்லை. குறுக்குப் பள்ளம் இருந்தால் மெட்டல் எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு மட்டம் தேய்த்துட்டுதான் அடிக்கணும். கடைசியாகத் தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்க.

அளவு: பழைய பிளக்கை அளந்து வாங்காதீங்க, அது நசுங்கி வந்தது. துளையை வெர்னியரில் மூன்று திசையில் அளங்க. புது பிளக் துளையைவிட மி.மீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிசாக இருக்கணும். கையால் அழுத்தி உள்ளே போகுற பிளக் உதவாது.

பித்தளை பிளக் கிடைத்தால் அதையே போடுங்க, வேறு எதையும் பார்க்காதீங்க.

கடலூர் முதுநகர் · ஜூன் 14

மூணு பிளக் கழட்டியாச்சு. உள்ளேர்ந்து ஒரு பக்கெட் சேறு வந்துச்சு அண்ணே. புது பிளக் அடிக்க எந்த சாக்கெட் வெக்கணும்? சிலிக்கான் தடவலாமா?

மரப்பாலம் லேத் · ஜூன் 14

சாக்கெட் வெச்சும் அடிக்கலாம், ஆனா ஆழம் கைக்கணக்கா போயிடும். பிளக்கை அடிச்சு இறக்க ஒரு டிரைவர் (அடிகட்டை) கடைஞ்சுக்குங்க, அரை மணி வேலை. முன் மூக்கோட விட்டம் கிண்ணத்து உள் விட்டத்தைவிட 1 மி.மீ. குறைவு. மூக்கு ஓரத்தை லேசா உருட்டி விடணும், கூர்மையா இருந்தா கிண்ணத்து மூலையை வெட்டும். பின்னால துளையைவிடப் பெரிய தோள் இருக்கணும். மூக்கு நீளம்தான் முக்கியம்: கிண்ணத்து உள் ஆழம் 8 மி.மீ.ன்னா மூக்கு 10 மி.மீ. அப்போ தோள் பிளாக்ல முட்டும்போது பிளக் விளிம்பு சரியா 2 மி.மீ. உள்ள போயிருக்கும். எல்லாப் பிளக்கும் ஒரே ஆழத்துல உக்காரும்.

வில்லியனூர் · ஜூன் 14

அருமையான கணக்கு. ஏன் 2 மி.மீ. என்பதைச் சொல்லிடறேன். கிண்ண வகை பிளக்கில் அதிக விட்டம் இருப்பது வெளி விளிம்பில். துளையின் வாயில் சரிவாகச் சீவியிருப்பாங்க. விளிம்பு அந்தச் சரிவைத் தாண்டி நேர்ச் சுவருக்குள் போனால்தான் பிடிக்கும். சரிவிலேயே நின்றுவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், அழுத்தம் ஏறினதும் நழுவி வந்துடும். கிண்ணத்தின் வாய் வெளியே பார்க்கணும். விளிம்பில் சுத்தி படவே கூடாது, அதுதான் அடைக்கும் முகம்.

இன்னொரு வகை உண்டு, மேடாக வளைந்த தட்டு, மூக்குத்தி மாதிரி. அதில் மேடு வெளியே. தட்டு விட்டத்தில் பாதி அளவு தட்டையான பஞ்ச்சை நடுவில் வைத்து ஒரு நல்ல அடி. மேடு தட்டையாகும்போது ஓரம் விரிந்து துளையைப் பிடிக்கும். அடி அதிகமாகி உள்ளே குழிந்தால் பிடி விட்டுப் போச்சு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடணும். உங்க வண்டியிலிருந்து எது வந்ததோ அதே வகையைப் போடுங்க.

சிலிக்கான் வேண்டாம். ஈரமாக இருக்கும்போது சோப்பு மாதிரி வழுக்கி பிளக்கைக் கோணலாக்கும். உள்ளே பிதுங்கின கட்டி உதிர்ந்து ரேடியேட்டருக்குப் போகும். அதுக்குப் பதில் ஷெல்லாக் அல்லது ரீட்டெய்னிங் காம்பவுண்ட் (இறுக்கிப் பிடிக்கும் பசை), வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அளவு, துளையின் வாயிலும் பிளக் ஓரத்திலும்.

அடிக்கும்போது காதைக் கொடுங்க. பிளக் போய்க்கொண்டிருக்கும்போது சத்தம் தொப், தொப் என்று மந்தமாக இருக்கும். தோள் பிளாக்கில் முட்டியதும் டங் என்று இரும்புச் சத்தம் வரும். அங்கே நிறுத்திடுங்க. கோணலாகப் போனால் ஒரு பக்கம் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீங்க, துளை ஓவலாயிடும். வெளியே எடுத்து வேறு பிளக் போடுங்க. அதனால்தான் வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கச் சொல்றது.

வில்லியனூர் · ஜூன் 15

பித்தளை பற்றி 12ஆம் தேதி அடித்துப் பேசிட்டேன், கொஞ்சம் திருத்தணும். பித்தளை தானாகத் துருக்காது, உண்மை. ஆனால் பித்தளையும் இரும்பும் ஒரே உப்புத்தண்ணியில் தொட்டுக்கிட்டு இருந்தால் இரும்புதான் கரையும். அதாவது பிளக் நன்றாக இருக்கும், துளையின் சுவர் அரிக்கும். பிளாக் பெரிசு, பிளக் சின்னது என்பதால் அந்த அரிப்பு மெதுவாகத்தான் போகும். சரியான கூலன்ட் ஓடினால் பயமில்லை. போர் தண்ணிதான் ஊற்றுவேன் என்றால் பித்தளை போட்டும் பிரயோஜனம் குறைவு. ஸ்டெயின்லெஸ் கடினம், துளை சுத்தமாகவும் வட்டமாகவும் இருந்தால்தான் சரியாக உட்காரும். சாதாரண முலாம் பூசின இரும்புப் பிளக்கும் நல்ல கூலன்ட்டில் வருஷக்கணக்கில் நிற்கும். கிடைப்பதைப் போடுங்க, தண்ணியை மாற்றுங்க.

கடலூர் முதுநகர் · ஜூன் 15

இங்க எல்லா வண்டிக்கும் போர் தண்ணிதான் அண்ணே. சிலர் ஆர்.ஓ. மெஷின்ல வெளியே தள்ளுற தண்ணியைப் பிடிச்சு ஊத்துறாங்க. மீன் ஐஸ் தண்ணி சொட்டுறதும் ஒரு காரணமா?

வில்லியனூர் · ஜூன் 15, இரவு

கரையோரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கு, போர் தண்ணியில் உப்பு அதிகம். சோதிக்க லேப் வேண்டாம். ஒரு டம்ளர் போர் தண்ணியை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைங்க. சாயங்காலம் தட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடிதான் பிளாக்குக்குள்ளும் படியுது. ஆர்.ஓ. தள்ளுகிற தண்ணி அதைவிட மோசம். மெஷின் பிரித்து எடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேருது. பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணி உப்பில்லாதது, அவசரத்துக்கு ஊற்றலாம், தூசி வடிகட்டிட்டு.

ஐஸ் தண்ணி நேராக இன்ஜின் மேல் கொட்டாது. அது சேஸிஸ், பின் ஆக்சில் பக்கம் போகும், அங்கேயும் துரு பிடிக்கும். இன்ஜினுக்கு வருவது துறைமுக முற்றத்தில் தேங்கின உப்புச்சேற்றை முன் டயர் வாரி அடிப்பது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணியால் அடிப்பக்கம் கழுவுங்க. ஆனால் பிளக்கைத் தின்றது உள் தண்ணிதான்.

கூலன்ட் "இங்கே குளிரே இல்லையே, எதுக்கு" என்று கேட்பாங்க. உறையாமல் இருப்பது அதன் ஒரு வேலை. துருவைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கு, கொதிநிலையும் ஏறும். நமக்கு வேண்டியது இவை. மருந்து தீர்ந்தால் நிறம் மட்டும் மிஞ்சும். அதனால் நிறத்தைப் பார்த்து நம்பாமல் புத்தகத்தில் சொன்ன காலத்தில் மாற்றுங்க.

கடலூர் முதுநகர் · ஜூன் 18

மூணும் அடிச்சாச்சு, டங் சத்தம் கேட்டுச்சு. ஆனா பெல் ஹவுசிங் (இன்ஜினுக்குப் பின்னால கிளட்ச்சை மூடுற கூடு) அடியில ஒரு சொட்டு நிக்குது.

வில்லியனூர் · ஜூன் 18

முதலில் தொட்டுப் பாருங்க. வழவழப்பாக ஆயில் என்றால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல். தண்ணி என்றால் மேலிருந்து வழிந்த மிச்சமாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு மறுபடி பிரஷர் போட்டுப் பாருங்க. அப்பவும் வந்தால் பிளாக்கின் பின்முகத்தில் இருக்கும் டம்மியைச் சந்தேகப்படணும். அதற்கு கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் இறங்கணும்.

கை நுழைகிற இடமாக இருந்தால் நடுவில் போல்ட் உள்ள ரப்பர் பிளக் கிடைக்கும். போல்ட்டை இறுக்க ரப்பர் பருத்து அடைக்கும். சூட்டில் ரப்பர் இறுகிப் போகும், அதனால் அது அடுத்த கிளட்ச் வேலை வரைக்குமான ஏற்பாடு. கிளட்ச் இறக்கும் நாளில் பின் டம்மியையும் ரிலீஸ் பேரிங்கையும் பின் சீலையும் சேர்த்து மாற்றிடுங்க.

கடலூர் முதுநகர் · ஜூன் 19

துடைச்சிட்டு மறுபடி போட்டோம். முள் இருபது நிமிஷம் அசையல. கீழ ஈரமில்ல.

வில்லியனூர் · ஜூன் 19

மிச்சம் வழிந்ததுதான். இனி நிரப்பலாம். காம்பவுண்ட் டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டீங்களா என்று பார்த்துக்குங்க.

கழுவின பிறகு பிளாக்கில் கொஞ்சம் வெறும் தண்ணி தேங்கி நிற்கும். அதனால் கலந்து ஊற்றினால் கூலன்ட்டின் பங்கு குறைஞ்சுடும். கான்சன்ட்ரேட்டை (தண்ணி கலக்காத கூலன்ட்) முதலில் ஊற்றி, மேலே டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்க. மொத்தம் 9 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் 3 லிட்டர் கான்சன்ட்ரேட். டப்பாவில் பாதிக்குப் பாதி என்று போட்டிருந்தால் நாலரை. ஏற்கெனவே தண்ணி கலந்து வரும் ரெடிமிக்ஸ் என்றால் பிளாக் நன்றாக வடிந்திருக்கணும், அதில் தண்ணி சேர்க்கக்கூடாது.

முன் சக்கரம் மேட்டில் ஏற நிறுத்தி, மூடி திறந்தபடி மெதுவாக ஊற்றுங்க. வேகமாக ஊற்றினால் காற்று சிக்கும். ஹீட்டர் இருக்கும் வண்டியில் அதைத் திறந்து வைங்க. இன்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுக்கிட்டே இருங்க. தெர்மோஸ்டாட் (சூடேறினதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) திறந்ததும் ஹோஸ் சட்டென்று சுடும், ரேடியேட்டரில் மட்டம் இறங்கும். அப்போ நிரப்பி மூடுங்க. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையும் மாற்றணும், அழுத்தம் நிற்கலைன்னா கொதிநிலை இறங்கிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் பழக்கம் இங்கே நிறைய இருக்கு. தயவு செய்து மறுபடி மாட்டுங்க. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

மரப்பாலம் லேத் · ஜூன் 20

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல நின்ன வண்டிங்க வெச்சிருக்கிறவங்களும் டம்மியைக் குத்திப் பாருங்க. செல்ஃப் மோட்டார் மறைக்கிற டம்மியில வெளிப்பக்கம் சேறு அடைஞ்சு ஈரம் காயாம நிக்கும். அங்க மட்டும் வெளியிலேர்ந்தும் துரு ஏறும்.

வில்லியனூர் · ஜூன் 20

நல்ல விஷயம். "எப்பவும் உள்ளிருந்துதான்" என்று 11ஆம் தேதி எழுதினேன், இது அதற்கு விலக்கு.

தம்பி, வடித்த பழைய தண்ணி பேசினில் இருந்தால் மூடி வைங்க. கூலன்ட் கலந்திருந்தால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் ஜாக்கிரதை. சாக்கடையில் கொட்டாதீங்க.

கடலூர் முதுநகர் · ஜூலை 4

600 கி.மீ. ஓடிடுச்சு. மட்டம் முதல் ரெண்டு நாள் விரல்கடை இறங்குச்சு, நிரப்பினேன், அதுக்கப்புறம் நிக்குது. செல்ஃப் மோட்டார் மேல ஈரமில்ல. தண்ணி மட்டும் லேசா துருக்கலர் காட்டுது.

வில்லியனூர் · ஜூலை 4

முதல் இரண்டு நாள் இறங்கியது சிக்கின காற்று வெளியேறியது. துருக்கலர் பழைய சேறு கரைந்து வருது. மூன்று மாசத்தில் இந்தக் கூலன்ட்டை வடித்து ஒருமுறை கழுவி, புதுசு ஊற்றுங்க. செலவுதான், ஆனால் சேறு கலந்த கூலன்ட்டில் மருந்து சீக்கிரம் தீரும். வடிக்கும்போது பிளாக் போல்ட்டையும் திறங்க. கம்பி விடாமலே தண்ணி கொட்டுதான்னு வந்து எழுதுங்க.